கருத்தம்மா சாப்பிட்ட மருந்து

அது இரண்டாயிரத்து ஐந்தா, ஆறா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. நாங்கள் வேலை பார்த்த பனியன் கம்பெனியின் சூப்பர்வைசர் சிவராஜின் ஏளனம் மட்டும் மறக்கவில்லை.

டெய்லர் கருத்தம்மாவுக்கு அடிக்கடி வயிறு கலக்கும். அவள் மெஷினை விட்டு எழுந்தாலே, “ஏனுங்க மகாராணி, கக்கூஸுக்குப் பவனிங்களா?” என்பான். தையல் மெஷின் லைன் முழுக்கச் சிரிக்கும். அப்புறம் ஒரு மாதமாக, அவன் திரும்பிப் போன பிறகும் சிரிப்பு ஓயவில்லை. தன் கிண்டலின் மகிமை என்று நினைத்துக்கொண்டான்.

அந்த மாதத்திலேயே அவள் வயிறும் சரியானது. ஹோமியோபதியாம்.

“சீனி உருண்டை தின்னுதான் சரியாப் போச்சாக்கும்!” என்ற சிவராஜ், ஞாயிற்றுக்கிழமை அந்த டாக்டர் முன்னால் வேறு பெயர் சொல்லி உட்கார்ந்திருந்தான். முதலாளியின் கார் சத்தம் கேட்டாலே அவனுக்கும் வயிறு கலக்கும்.

“கருத்தம்மாவுக்குக் குடுத்த மருந்தே எனக்கும் வேணுங்க.”

“அது உருண்டையில இல்லீங்க. நோயைத் தர்றது எதுவோ, அதையே துளியூண்டு குடுக்கறதுதான் எங்க வைத்தியம். சூப்பர்வைசரைக் கண்டாத்தான் கலக்குதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. அந்த ஆளாட்டமே தினம் ரெண்டு வார்த்தை பேசிக் காட்டச் சொன்னேன். அவன் அந்தப்பக்கம் திரும்புனதும் பேசிக் காட்டுமாம். லைனே விழுந்து விழுந்து சிரிக்குதாமுங்க.”

கருத்தம்மா பிறகு சூப்பர்வைசர் ஆனாள். டாக்டர் பல்லடம் போய்விட்டார். சிவராஜுக்கு இப்போது யார் சிரித்தாலும் வயிறு கலக்குகிறது.