முகத்தைத் திருப்பிய சம்பந்தி

அரிமளத்திலிருந்து திருமயத்துக்குப் பெண் பார்க்க வந்திருந்த ஆமினாம்மாள், சர்பத் கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரியை நேருக்கு நேர் பார்த்துச் சிரித்தார். பெண் பரக்கத் நிஷா வந்து சலாம் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெண்ணின் தாய் ரகுமத் பீவிக்குச் சுருக்கென்றது. மாப்பிள்ளைப் பையன் தங்கமானவன். இந்த இடம் கைநழுவிவிடக் கூடாதே என்று காலையில்தான் தொழுது துஆ கேட்டிருந்தாள்.

"என் மகளுக்கு என்னங்க கொறச்சல்? முகங்குடுத்துக்கூடப் பேச மாட்டேங்கிறாங்க" என்று கணவர் காதில் முணுமுணுத்தாள்.

"பொறு புள்ள. வந்தவங்களுக்கு மொதல்ல சோறு போடு" என்றார் இப்ராஹிம்.

சோறு போட்டாள். ஆனால் ஆமினாம்மாள் பேச்சுக் கொடுத்தபோதெல்லாம் சுவரைப் பார்த்தே பதில் சொன்னாள்.

சாப்பிட்டுக் கைகழுவியதும் ஆமினாம்மாள், "பொண்ணு எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. சிரிச்சா கன்னத்துல என்னமாக் குழி விழுது" என்றார்.

"நீங்கதான் அவளைப் பாக்கவே இல்லியே."

"வயசாகி நடுப்பார்வை போயிருச்சு, சம்பந்தியம்மா. நேராப் பாத்தா, பாக்குற மொகமே மறைஞ்சுபோகுது. மொகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால பாருங்கன்னு மதுரை டாக்டர் பழக்கிவிட்டாரு. ஒங்க மகளை அப்படித்தான் ஆசையாப் பாத்தேன்" என்ற ஆமினாம்மாள், பரிவோடு ரகுமத் பீவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களும் என்னைய அப்படித்தானே பாத்துக்கிட்டிருந்தீங்க? பாவம், ஒங்களுக்கும் இதே கோளாறா?"

இப்ராஹிம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இருந்துச்சுங்க" என்றாள் ரகுமத் பீவி, தலையைக் குனிந்துகொண்டு. "இப்பத்தான் சரியாச்சு."