பின்விளக்கு பார்த்தது

விடிந்ததிலிருந்து விடாத மழை. நேரக் கெடு வைத்து நடத்தும் முந்நூறு கிலோமீட்டர் சைக்கிள் பயணத்தில் மாசிலாமணியின் முன்விளக்கு ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டு வந்தது. "செக்பாயிண்டுக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர். நாலு மணிக்குச் சாத்திடுவாங்க."

பின்விளக்குக்கு எதிரே வருவது தெரியாது. விட்டு வந்ததுதான் தெரியும். காலையிலிருந்து பின்தொடர்ந்து வந்த ஒரு சைக்கிள் சேற்றில் சறுக்க, ஓட்டியவர் பள்ளத்தில் விழுந்ததை அது மட்டும் பார்த்தது.

"அண்ணே, பின்னால வந்தவர் விழுந்துட்டாருண்ணே."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே, தம்பி. ரோடு காலியாத்தானே இருக்கு."

முன்விளக்கு சொன்னது பொய்யில்லை.

பின்விளக்கு எரியாவிட்டால் பயணத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். அதனால் மாசிலாமணி அடிக்கடி குனிந்து, ஈரத் தார்ச்சாலையில் அதன் சிவப்பு விழுகிறதா என்று பார்த்துக்கொள்வார். இந்த மழையில் ஒருதரம் அணைந்தால் மறுபடி எரிவோமா என்று பின்விளக்குக்கே தெரியாது.

ஆனாலும் அது தன்னைத்தானே அணைத்துக்கொண்டது.

மாசிலாமணி குனிந்தார். சிவப்பைக் காணோம். இறங்கி, விளக்கைத் தட்டப் பின்னால் போனவர் நிமிர்ந்தார். தூரத்தில் ஒரு சைக்கிள் மட்டும் சாய்ந்து கிடந்தது.

அவர் தன் சைக்கிளைத் திருப்பினார்.

முன்விளக்கு அப்போதுதான் வந்த வழியைப் பார்த்தது. அதன்பின் அது கிலோமீட்டர் சொல்லவில்லை.