மிச்ச டிரம்

கிரீச்ச்ச்...

பள்ளிக்கூடமே பல்லைக் கடித்துக்கொண்டது. கூரையில் இருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பிப் போயின.

வாசலில் ஆய்வு அதிகாரியின் கார் நின்றிருந்தது.

மோட்டார் வாகன வகுப்பு வாத்தியார் கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தார். மத்தியானம் வருகிறேன் என்று சொன்ன மனிதர் காலை ஒன்பதரைக்கே வந்து இறங்கினால் என்னதான் செய்வது?

விதி இதுதான். மேல்நிலை வகுப்பில் கார் மெக்கானிக் பாடம் நடத்த வேண்டுமானால் ஓடுகிற கார் இரண்டு இருக்க வேண்டும். பள்ளியில் இருந்தது ஒன்று. இன்றைக்கு இரண்டாவதைக் காட்டாவிட்டால் வகுப்பை இழுத்து மூடிவிடுவார்கள். முப்பத்தொரு பிள்ளைகளும் தட்டச்சுக்குப் போக வேண்டியதுதான். வாத்தியாருக்கு சைக்கிள் ஸ்டாண்டு மேற்பார்வை. அந்த உத்தரவைக்கூட டைப் அடித்துத் தயாராக வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி.

இரண்டாவது கார் இருந்தது. கிட்டத்தட்ட.

வருஷா வருஷம் பிள்ளைகள் முதல் காரை அக்கக்காகக் கழற்றுவார்கள். திரும்ப மாட்டுவார்கள். ஒவ்வொரு தடவையும் தரையில் ஏதாவது மிஞ்சும். முதல் வருஷம் நாலு போல்ட். அடுத்த வருஷம் ஒரு ஃபேன் பெல்ட். ஐந்தாம் வருஷம் ஒரு முழு கியர்பாக்ஸ்.

என்ன மாயமோ, கார் மட்டும் முன்னைவிட நன்றாக ஓடியது.

வாத்தியார் அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டார். "மிஞ்சினது எங்கேருந்து வந்துச்சுன்னு யாரும் ஆராய்ச்சி பண்ணக் கூடாது. டிரம்முல போடுங்க. வண்டி ஓடுதா? அதோட விடுங்க."

பன்னிரண்டு வருஷத்து டிரம்மைக் கவிழ்த்துத்தான் இந்த வருஷப் பிள்ளைகள் இரண்டாவது காரைக் கட்டியிருந்தார்கள். காரின் கூடு மட்டும் வெளியிலிருந்து வந்தது. வாட்ச்மேன் வீட்டில் அதற்குள் கோழி அடைத்து வைத்திருந்தார்கள்.

"ஒரே ஒரு சாமான்தான் குறையுது சார்" என்று நேற்று சொன்னாள் வகுப்புத் தலைவி. ஸ்பேனர் என்று சொன்னால்தான் பள்ளியில் அவளைத் தெரியும். "கவலைப்படாதீங்க. நாம எதைக் கழட்டினாலும் ஏதாவது மிஞ்சும்ல?"

என்ன சாமான் என்று வாத்தியார் கேட்கவில்லை. கேட்டால் தூக்கம் போய்விடும்.

அதிகாரி இறங்கி வந்தார். நல்ல உயரம், நல்ல மீசை, நல்ல எரிச்சல்.

"வாத்தியாரே, பிரேக் அடிச்சா ஊரே திரும்பிப் பாக்குது. உங்க பிள்ளைங்ககிட்ட சொல்லி முதல்ல இந்தச் சத்தத்த நிறுத்தச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் ரிஜிஸ்டரப் பாக்கறேன்."

அவருடைய காரும் பள்ளியின் காரும் ஒரே மாடல். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார்கள்.

ஒன்றரை மணி நேரம் அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். வாத்தியார் எதிரே நின்று வியர்வையைத் துடைத்தார். துடைத்த கர்சீப்பைப் பிழிந்து மறுபடியும் துடைத்தார்.

ஜன்னலுக்கு வெளியே ஸ்பேனர் தெரிந்தாள். ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். அதிகாரியின் கார் தயார்.

கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு கட்டைவிரலையும் தூக்கினாள். குறைந்த சாமானும் கிடைத்துவிட்டது.

வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மைதானத்தில் மேஜை போட்டு அதிகாரியை உட்கார வைத்தார்கள். முதல் கார் வந்தது, போனது. அடுத்து இரண்டாவது கார். ஒரு கதவு நீலம், ஒரு கதவு சிவப்பு, மற்ற இரண்டும் இன்னும் முடிவாகவில்லை. ஸ்பேனர் ஓட்ட, ஜன்னல் வழியாகக் கோழி இறகு பறக்க, மைதானத்தை ஒரு சுற்று சுற்றி நேராக மேஜையைப் பார்த்து வந்தது.

வாத்தியார் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

கிரீச்ச்ச்...

கண்ணைத் திறந்தார். மேஜைக்கும் காருக்கும் ஒரு சாண் இடைவெளி.

காதைப் பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டு அதிகாரி சிரித்தார். "இங்கயும் இதே வியாதிதானா? சரி, நிக்குதுல்ல, அது போதும். எங்கம்மா வாங்கினீங்க இத?"

"வாங்கல சார்" என்றாள் ஸ்பேனர். "சேந்துச்சு."

அவர் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். வகுப்பு பிழைத்தது. முப்பத்தொரு பிள்ளைகளும் போட்ட கூச்சலில், அப்போதுதான் திரும்பி வந்திருந்த புறாக்கள் மறுபடியும் கிளம்பிப் போயின.

"ஏறுங்க வாத்தியாரே, கீழ பஸ் ஸ்டாண்டுல எறக்கி விடறேன். வேலை தெரிஞ்ச மனுஷன், நடந்து போகலாமா?"

அதிகாரியின் காரில், அதுவும் முன்சீட்டில். வாத்தியார் புது மாப்பிள்ளை மாதிரி கூச்சத்தோடு ஏறி உட்கார்ந்தார். கார் பள்ளி வாசலைத் தாண்டி மலைச்சரிவில் இறங்கியது. காற்று முகத்தில் அடித்தது. மரங்கள் பின்னால் ஓடின. சைக்கிள் ஸ்டாண்டும் பின்னால் ஓடியது. அதைப் பார்க்க அவருக்கு அப்படி ஒரு நிம்மதி.

கார் வேகம் பிடித்தது.

"அந்த வளைவு வரட்டும், ஒரு மிதி மிதிச்சுக் காட்டறேன்" என்றார் அதிகாரி. "சத்தம் போயிருக்கான்னு பாத்துருவோம்."

வாத்தியாரின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்தார். மறுமுனையில் ஸ்பேனருக்கு மூச்சு வாங்கியது.

"சார், ஆராய்ச்சி பண்ணக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க. இருந்தாலும் சொல்றேன்... ஆபீசர் சார மேட்டுப் பக்கமாவே ஓட்டச் சொல்லுங்க."