எழுபத்தொன்பதாம் ஆண்டு

"மாடிக்குப் போய் கொஞ்ச நேரம் பேசிட்டு வாங்க" என்று பாட்சா மாமு இருவரையும் அனுப்பிவைத்தார்.

பெரியவர்கள் கீழே கூடத்தில் சமோசாத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சாப்பிடவில்லை.

பொழிச்சலூரில் வெயில் இறங்கியிருந்தது. இஸ்திரி கலையாத சட்டையில் மொஹ்சின் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றான். மறைமலை நகரில் கார் பிரேக் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். ஷிப்ட் முழுக்கக் கத்தி வேலை வாங்குகிறவனுக்கு, எதிரில் நின்ற அனமின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அவள் சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு டீச்சர்.

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். அதற்குள் ஒரு விமானம் தாழப் பறந்து அவன் சொன்னதையெல்லாம் விழுங்கிவிட்டது.

"கேக்கல" என்றாள்.

மறுபடியும் முதலிலிருந்து சொன்னான். "கி.மு. எழுபத்தொன்பது. ரோம்ல ராஜா செத்துட்டாரு, மகன் ராஜாவானாரு. அதே வருஷம் வெசுவியஸ் எரிமலை வெடிச்சு, பொம்பேய் ஊரே சாம்பல்ல மூடிப்போச்சு."

"கி.பி."

அவன் காது சிவந்தது. "ஆமா. கி.பி."

"மேல சொல்லுங்க."

"ஒரு அம்மா காப்பாத்தச் சொல்லி ஆள் அனுப்பிச்சாங்க. கடற்படைத் தலைவரு, ப்ளினின்னு பேரு. எல்லாரும் அங்கேருந்து ஓடியாறாங்க. இவரு கப்பலை எடுத்துகினு நேரா அங்கேயே போறாரு."

"காப்பாத்தினாரா?"

"கரையெல்லாம் கல்லு விழுந்து அடைச்சுகிச்சு. எறங்க முடியல." தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "ஆனா போனாரு."

அனம் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். "இதெல்லாம் எதுக்குப் படிச்சீங்க?"

"இன்னா பேசறதுன்னு தெரியல. அதான்."

அவள் படியிறங்கினாள். அவன் பின்னாலேயே வந்தான்.

கூடத்தில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மாமு அவளிடம் கண்ணாலேயே என்ன என்று கேட்டார். அவள் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மொஹ்சின் வாசலில் செருப்பைத் தேடினான். ஒன்றுதான் கிடைத்தது.

கதவு திறந்தது. அனமின் தோளில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கூடத்தைக் கடந்து வந்து, அதை அவன் தோளுக்கு மாற்றினாள்.

"ஆஃபியா, அத்தா வந்திருக்காங்க பாரு. நம்ம வூட்டுக்குப் போலாமா?"

அவள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வருவதற்கு முன்பு, மகளை அவன் ஒரே கையில் ஏந்திக்கொள்வான்.

இப்போது இரண்டு கையும் வேண்டியிருந்தது.