வயல் பேசாத இரண்டு நாள்

"என்னங்க, வானத்தப் பாருங்களேன். மேகம் கட்டுற மாதிரி இருக்கு" என்றாள் ஈஸ்வரி.

வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. வானத்தில் இருந்ததே ஒரு துண்டு மேகம்தான். குணசேகரன் அதை அண்ணாந்து பார்த்தார். உதடு துடித்தது. ஈஸ்வரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படியா? குடை ஒண்ணு வாங்கிக்கலாமா?" என்றார்.

சே! இதற்கும் மசியவில்லை மனுஷன்.

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை, புதுச்சேரி கடற்கரைச் சாலை. பந்தயம் முடிய இன்னும் முக்கால் மணி நேரம்தான் இருந்தது.

முந்தாநாள் கும்பகோணத்தில் பஸ் ஏறும்போது கையில் அடித்துப் போட்ட பந்தயம் அது. ஞாயிறு காலை எட்டு மணி வரை குணசேகரன் வயலைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் வருஷா வருஷம் பங்குனியில் இரண்டு நாள், ஈஸ்வரி கை காட்டுகிற ஊருக்குக் கூட்டிப் போக வேண்டும். பேசாமல் ஜெயித்துவிட்டால், ஈஸ்வரி ஜென்மத்துக்கும் "எங்கயாச்சும் போலாங்க" என்று வாயைத் திறக்கக் கூடாது.

"ரெண்டு நாளா? ரெண்டு மணி நேரம் தாங்கமாட்டீங்க" என்று சிரித்துக்கொண்டேதான் கையை நீட்டினாள். பின்னே? இருபத்தாறு வருஷத்தில் கல்யாணம், சாவு, குலதெய்வம் தவிர வேறெதற்கும் அவர் வயலை விட்டு ஓர் இரவு தள்ளி இருந்ததில்லை. தூக்கத்தில் தும்மினால்கூட "மடையச் சாத்தினேனா?" என்பார்.

அப்பேர்ப்பட்டவர் வாயில் இப்போது கொழுக்கட்டை!

ஈஸ்வரி போடாத தூண்டில் இல்லை. நேற்று ஓட்டலில் "இது என்ன அரிசிங்க?" என்று கேட்டாள்.

"வெந்த அரிசி" என்றார்.

பூங்காவில் குழாய்த் தண்ணீர் சும்மா வழிந்ததைக் காட்டினாள். "அழகா இருக்குல்ல?" என்றார். போனை அவரிடமே விட்டிருந்தாலாவது பக்கத்து வயல்காரன் வீரையன் கூப்பிட்டிருப்பான், இவரும் மாட்டியிருப்பார். புத்தி கெட்டுப்போய் அவளே அதைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு நிஜமாகவே துக்கமாக இருந்தது. இந்த ஊர் அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. கோயில், கடல், மார்க்கெட், மஞ்சள் சுவர் வீடுகள், காகிதப்பூ தொங்குகிற தெருக்கள், எல்லாம் நடந்தே பார்த்தார்கள். ஊரில் நாலு எட்டு வைத்தால் "எங்க கிளம்பிட்டீங்க?" என்று நாலு பேர் கேட்பார்கள். இங்கே கேட்க ஆளில்லை. நேற்று மணலில் அவள் செருப்பையும் இவரே கையில் தூக்கிக்கொண்டு நடந்தார். சொன்னால் ஊரில் யார் நம்புவார்கள்?

"கால் வலிக்குதா?" என்றார் குணசேகரன்.

"வலிச்சா என்ன? இனிமே எங்க நடக்கப் போறேன்?" என்றாள்.

ஏழரை மணி வரை அந்தச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். துடைத்துவிட்ட மாதிரி கிடந்த சாலையை அவர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார்.

"எம்மாம் அகலம் ஈஸ்வரி! நம்ம உளுந்தச் செடியோட இதுல பரப்பினா ஒரே வெயில்ல கலகலன்னு காஞ்சிடும். என்ன ஒண்ணு, வண்டி விடமாட்டேங்குறானுவ. பஸ்ஸு ஏறி மிதிக்காம காய் எப்படி உடையும்?"

ஈஸ்வரி ஒரு நொடி விழித்தாள்.

"தோத்தீங்க! என்னங்க, தோத்தீங்க!" அவள் கைதட்டிக் குதித்ததில் நடைப்பயிற்சிக்காரர்கள் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஐயையோ!" குணசேகரன் தலையில் அடித்துக்கொண்டார். "இந்தப் பாழாப்போன வாய் சும்மா இருக்குதா பாரு!"

"எட்டு மணிக்கு இன்னும் அரை மணிக்கு மேலயே இருக்கு. பேச்சு மாறக் கூடாது, ஆமா!"

சூட்டோடு சூடாகப் போனை எடுத்து வீரையனைக் கூப்பிட்டாள். அவர் காதிலும் நன்றாக விழட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"வீரையா, உங்கண்ணன் பந்தயத்துல தோத்துட்டாரு! இனிமே வருஷா வருஷம் பங்குனியில ரெண்டு நாளு எங்க வயலையும் நீதான் பாத்துக்கணும், தெரிஞ்சுதா?"

குணசேகரன் அவசரமாகக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதான் நேத்து சாயங்காலமே தெரியுமே அண்ணி!" என்றான் வீரையன். "யாரு போன்லேருந்தோ அண்ணன் கூப்புட்டு, 'நாளைக்குக் காலையில நான் தோக்கப்போறேன்டா, வருஷா வருஷம் ரெண்டு நாளு நீதான் பாத்துக்கணும்'னு சொல்லிட்டாரே!"