பன்னிரண்டு பவுண்டு

"ஆசானே, உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா? அவர்தான் கேக்கறார்னா நீங்களும் ஏத்தணுமா?"

திருவனந்தபுரத்துக் கழக்கூட்டத்தில் சற்குணம் ஆசானின் வொர்க்‌ஷாப். விஷ்ணுப்ரியா போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடையிலிருந்து நாலு பேர் கிளாஸோடு எழுந்து வந்துவிட்டார்கள்.

சற்குணம் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "அம்மா, அந்தச் சுவருக்கு அந்தால போய் நில்லுங்க. இஞ்ச நிக்கப்பிடாது" என்று கையை மட்டும் ஆட்டினார்.

உருளைகள் மேல் கார் நின்றது. நாலு பக்கமும் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். சக்கரம் சுழலும், கார் நகராது. எஞ்சினுக்கு எத்தனை குதிரைசக்தி என்று பக்கத்திலிருக்கும் கம்ப்யூட்டர் சொல்லிவிடும்.

உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தது விஷ்ணுப்ரியாவின் கணவன் கைலாஷ். டெக்னோபார்க்கில் நல்ல வேலை, ஸ்ரீவராகத்தில் சொந்த வீடு, மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. இதெல்லாம் போதாதென்று, கார் கம்பெனி கொடுத்தபடியே இருந்த எஞ்சினில் ஒரு டர்போவையும் வாங்கிப் பூட்டியிருந்தான்.

வருகிற ஞாயிறு விடியற்காலை பைபாஸில் ரேஸ். போலீஸுக்குத் தெரியாத ரேஸ். போன மாதம் அதில் ஓட்டியவன் ஒருவன் லாரிக்கு அடியில் போனான். அந்த இடத்துக்குத்தான் இந்த மாதம் கைலாஷ் பேர் கொடுத்திருந்தான்.

"ஆறு பவுண்டு" என்றார் சற்குணம். டர்போ எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற அழுத்தத்தின் கணக்கு அது.

கைலாஷ் மிதித்தான். தகரக் கூரை அதிர்ந்தது.

"நூத்திப் பத்து குதிரை" என்றான் ஜெயன். பன்னிரண்டு வருஷமாக ஆசானோடு இருக்கிற மெக்கானிக்.

"எட்டு வைக்கட்டா சாரே?" என்றார் சற்குணம்.

"ஏன்னா, வேண்டாம்னா..." என்றாள் விஷ்ணுப்ரியா.

"வையுங்கோ!" என்றான் கைலாஷ்.

நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பெண்டாட்டி வேண்டாம் என்றால் கேட்கிற ஆண்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை.

எட்டில் நூற்றி இருபத்தெட்டு. பத்தில் நூற்றி நாற்பது. பத்தில் எஞ்சினுக்குள்ளிருந்து டக் டக்கென்று ஒரு சத்தமும் வந்தது. ஜெயனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஆசானே, மதி, போதும். உள்ள கெடக்குறது கம்பெனி பிஸ்டனாக்கும். இதுக்கு மேல தாங்காது."

"நீ சும்மா கெட லே."

கைலாஷ் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான். சட்டை முதுகெல்லாம் ஈரம். கதவைப் பாதி திறந்துகூட விட்டான். "நூத்தி நாப்பது வந்துடுத்தே ஆசானே. இதுவே..."

அதற்குள் விஷ்ணுப்ரியா அழுதுகொண்டே சுவர் ஓரத்திலிருந்து கத்தினாள். "போறும்! இதுக்கு மேல உங்களால முடியாது. எறங்குங்கோ, ஆத்துக்குப் போலாம்!"

டீக்கடைக் கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

கைலாஷ் கதவை அறைந்து சாத்தினான். "பன்னெண்டு வையுங்கோ!"

வேறு மெக்கானிக்காக இருந்தால் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போயிருப்பான். சற்குணம், "அதுக்கென்ன சாரே" என்று சர்வசாதாரணமாகத் திருகைத் திருப்பினார்.

"பாவி! கொலைகாரா!" என்று அலறினாள் விஷ்ணுப்ரியா.

நூற்றி நாற்பத்தைந்து. நூற்றி ஐம்பது. நூற்றி ஐம்பத்தெட்டு.

டமார்!

பானெட் துள்ளியது. புகை. தரையெல்லாம் கறுப்பாக எண்ணெய். கைலாஷ் எப்படி வெளியே குதித்தான் என்று அவனுக்கே தெரியாது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. எஞ்சினின் வயிற்றில்தான் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை.

"ஒரு எஞ்சின் எவ்வளவு தாங்கும்னு தெரியாத நீரெல்லாம் ஒரு ஆசானா?" கத்தினான் கைலாஷ். "ஞாயித்துக்கிழமை நான் என்னத்தை ஓட்டுவேன்? டெக்னோபார்க்லேர்ந்து இனிமே ஒரு வண்டி இங்க வராது. வர விடமாட்டேன்!"

சொல்லிவிட்டு ஆட்டோ பிடிக்க ரோட்டுக்குப் போய்விட்டான். டீக்கடைக் கூட்டமும் உச்சுக் கொட்டிக்கொண்டே கலைந்தது.

"இந்தப் பன்னெண்டு வருசத்துல நம்ம உருளையில ஒரு இஞ்சின் செத்ததில்ல ஆசானே" என்றான் ஜெயன். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. "உங்களுக்கு என்ன பிடிச்சுது இன்னைக்கு?"

சற்குணம் வாசலைப் பார்த்தார். கணவன் பின்னாலேயே போன விஷ்ணுப்ரியா திரும்பி வந்து நின்றிருந்தாள். செருப்பைக் கழற்றப் போகிறாள் என்றே ஜெயன் நினைத்தான். அவள் இரண்டு கையையும் கூப்பினாள்.

"மன்னிச்சுடுங்கோ ஆசானே. எனக்காக உங்க பேரைக் கெடுத்துண்டேள்."

"பேரு இன்னைக்குப் போனா நாளைக்கு வரும்மா. நான் மாட்டேன்னிருந்தா சாரு வேற வொர்க்‌ஷாப்புக்குப் போயிருப்பாரு. ஞாயித்துக்கிழமை அவரு பிள்ளையோட வீட்டுல இருப்பாருல்லா, எனக்கு அது மதி." சற்குணம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "ஒண்ணுதான் விளங்கல்ல. நேத்து பூத்துல இருந்து போன் போட்டு, இஞ்சினை உடைச்சிருங்கன்னு சொன்னதே நீங்கதான். பின்ன எதுக்கு வேண்டாம் வேண்டாம்னு அந்த அழுகை அழுதிய?"

ரோட்டில் ஆட்டோ ஹாரன் அடித்தது. விஷ்ணுப்ரியா அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் வேண்டாம்னு சொல்லியிருக்காட்டா, அவர் பத்து பவுண்டிலேயே எறங்கி வந்திருப்பார் ஆசானே!"