சுவர் பார்க்காத அறை

குணாளன் வீட்டில் யாரும் யாரையும் அடிக்க முடியாது. கை ஓங்கினாலே சுவர் பார்த்துவிடும், போலீசைக் கூப்பிட்டுவிடும். இப்போது எல்லா வீடும் அப்படித்தான்.

ஒரே ஓர் அறைக்கு மட்டும் விலக்கு. அவன் ஆசையாகச் சேர்த்த பழைய கம்ப்யூட்டர்கள் அங்கே இருந்தன. சுவரின் அலைகள் அவற்றைக் கெடுத்துவிடும் என்று சொல்லி, அந்த அறையின் கண்ணையும் காதையும் பிடுங்க அனுமதி வாங்கியிருந்தான்.

"தேனு, உள்ள வா, ஒண்ணு காட்டுறேன்" என்று மனைவியைக் கூப்பிடுவான். சுவருக்கு அது கொஞ்சலாகக் கேட்கும். கதவை மூடியதும் மவுஸ் ஒயரால் அடிப்பான். தேன்மொழியின் முதுகு முழுக்க அதன் தடம்.

ஆயுத பூஜை அன்றும் கூப்பிட்டான். மெஷின்களுக்கெல்லாம் அவனே சந்தனம், குங்குமம் வைத்திருந்தான். இரும்புத் தகடு வைத்த கீபோர்டு ஒன்றைத் தட்டிக் காட்டினான்.

"அந்தக் காலத்துச் சாமான். எதுல அடிச்சாலும் உடையாது."

பிறகு, சுண்டலில் உப்பு இல்லை என்று சொல்லிக்கொண்டே ஒயரைக் கழற்றக் குனிந்தான்.

தேன்மொழி அந்தக் கீபோர்டை இரண்டு கையாலும் தூக்கி அவன் பின்மண்டையில் இறக்கினாள். திரும்பியவனின் முகத்தில் இறக்கினாள். பற்களும் எழுத்துப் பொத்தான்களும் ஒன்றாகத் தரையில் சிதறின. அவன் அசைவது நிற்கும்வரை அடித்தாள். தகடு வளையக்கூட இல்லை.

கதவைத் திறந்து கூடத்துக்கு வந்தாள்.

"கை சிவப்பாக இருக்கிறதே, அடிபட்டதா?" என்று சுவர் கேட்டது.

"குங்குமம். இன்னிக்கு ஆயுத பூஜை."

சுவர் வாழ்த்துச் சொல்லி, வாசல் கதவைத் திறந்துவிட்டது.